எக்ஸ்ப்ளோரர் 170: கண்மாய்க் கரையிலிருந்து ஓர் இங்கிலாந்து வரைபடத்தைப் படித்தல்

'எக்ஸ்ப்ளோரர் 170' என்பது தென் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷையரில் உள்ள 'வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்' என்னும் தாழ்நிலப் பள்ளத்தாக்கை 1:25,000 அளவையில் காட்டும் மடிப்பு வரைபடம். இதை வெளியிடுவது 1791-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே. தரையில் ஒரு கிலோமீட்டர் என்பது தாளில் நான்கு சென்டிமீட்டர். நடைப்பயணம் போகிறவர்களுக்காக அச்சிடப்படும் இந்தத் தாளை, அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்திராத, இராமநாதபுரம் கடற்கரையோரத்தில் நெல்லும் முண்டு மிளகாயும் விளையும் ஊரில் இருக்கும் ஒருவர் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டால், வேளாண் நிலத்தில் தண்ணீர் எப்படி நடமாடுகிறது என்பதை ஒரே தாளில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறு எதையும் நான் பார்த்ததில்லை என்பதே என் பதில். ஆக்ஸ்போர்டுப் பக்கம் வேலை பார்க்கும் அக்காள் மகன் வாங்கி அனுப்பினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் இது அடிக்கடி விரிக்கப்படுகிறது.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தத் தாளைப் படிக்கும் முறையையே அது மாற்றிவிடும். இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 820 மில்லிமீட்டர். ஆக்ஸ்போர்டுச் சுற்றுவட்டாரத்தின் சராசரி 650-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த நம் மாவட்டத்தில், படங்களில் பச்சைப் பசேலென்று தெரியும் அந்தப் பள்ளத்தாக்கைவிட அதிக மழை பெய்கிறது. அங்கே அது மாதத்துக்கு ஐம்பது அறுபது மில்லிமீட்டராகப் பன்னிரண்டு மாதமும் பிரிந்து விழுகிறது. வடக்கே 51 பாகைக்கு மேலுள்ள அந்தக் குளிர் நிலத்தில் விழுந்த நீர் எளிதில் ஆவியாவதும் இல்லை. இங்கே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிட்டு, மிச்ச நாளெல்லாம் வெயிலும் காற்றும் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே அங்கத்திய விவசாயி தண்ணீரை வெளியேற்றப் பாடுபட்டார், நம் முன்னோர் அதை நிறுத்தி வைக்கப் பாடுபட்டனர். தாளில் உள்ள நீலக் கோடுகளை இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எல்லாம் தானே புரிய ஆரம்பிக்கும்.

தாளின் தெற்கு ஓரத்தில் பழுப்பு நிறச் சம உயரக்கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதுதான் பெர்க்ஷயர் டவுன்ஸ் எனப்படும் வெண்சுண்ணப் பாறைக் குன்றுத் தொடரின் செங்குத்தான வடக்கு முகம். அதன் உச்சியான ஒயிட் ஹார்ஸ் ஹில் 261 மீட்டர் உயரம். அந்த மாவட்டத்திலேயே உயர்ந்த இடமும் அதுதான். அங்கிருந்து அஃபிங்டன் ஊர் வரை தாளில் விரலால் அளந்தால் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர்தான் வரும், ஆனால் அந்தத் தொலைவுக்குள் நிலம் 160 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு என்ற கணக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட கோடுகள் அந்தக் குறுகிய இடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதே இடத்தில் பழைய எழுத்து வடிவில், அதாவது தொல்பொருள் இடங்களுக்கென்று இந்நிறுவனம் வைத்திருக்கும் தனி எழுத்துருவில், குன்றின் புல்லைச் செதுக்கி வெண்சுண்ணம் நிரப்பி உருவாக்கப்பட்ட 110 மீட்டர் நீளக் குதிரையின் பெயர் அச்சாகியிருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமை உடைய அந்தக் குதிரையால்தான் பள்ளத்தாக்குக்கே பெயர். சுற்றுலாப் பயணிகளுக்கு அதுவே முக்கியமாக இருக்கலாம். எனக்கு அதன் அடிவாரம்தான் முக்கியம்.

அடிவாரத்தில் வூல்ஸ்டன், கிங்ஸ்டன் லைல், ஸ்பார்ஷோல்ட், சில்ட்ரி, லெட்கம் பாசெட், லெட்கம் ரீஜிஸ், வாண்டேஜ் என்று ஊர்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. குன்றின் மேலே ஊர் அரிது, பள்ளத்தாக்கின் நடுவிலும் சில மட்டுமே. இந்த ஒரு வரியில் மட்டும் நெருக்கமாக. காரணத்தைத் தாளே சொல்லிவிடுகிறது: நீலக் கோடுகள் எல்லாம் பிறப்பது இந்த வரிசையில்தான். வெண்சுண்ணப் பாறை பெய்யும் மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும், மேற்பரப்பில் ஓட விடாது. அதனால்தான் குன்றின் மேல் ஓடை ஒன்றும் வரையப்படவில்லை. உள்ளே இறங்கிய நீர் அடியிலிருக்கும் பச்சை மணற்பாறையையும் கடந்து, நீர் புகாத கால்ட் களிமண்ணில் முட்டி, வேறு வழியின்றி அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஊற்று இருக்கும் இடத்தில் ஊர் இருக்கிறது. உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்தில் கடலோர மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் சுரக்கும் இடங்களைக் கண்டு மக்கள் குடியேறியது போன்ற காரியம்தான் இது. நம்மூரில் மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அங்கே பாறையில் இறங்கிய மழைநீர் களிமண்ணின்மேல் நிற்கிறது. லெட்கம் பாசெட்டில் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியில் வரும் ஊற்றுநீரைக் கொண்டு வாட்டர்கிரெஸ் என்னும் நீர்க்கீரையை வணிகமாகவே பயிரிட்டிருக்கிறார்கள்.

கறுப்புப் புள்ளிகளாக ஓடும் எல்லைக் கோடுகளைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். அவை பாரிஷ் எல்லைகள், நம் வருவாய்க் கிராம எல்லைக்கு ஒப்பானவை. அடிவார ஊர்களின் எல்லைகளைப் பென்சிலால் தொடர்ந்து போனால், ஒவ்வொரு கிராமமும் வடக்கு தெற்காக நீண்டு, கிழக்கு மேற்காக ஒடுங்கி, தெற்கே குன்றின் உச்சி வரையும் வடக்கே களிமண் சமவெளி வரையும் போவது தெரியும். பழைய நாளில் இந்த அமைப்புக்கு ஒரு கணக்கு இருந்தது. மேலே குன்றில் ஆடு மேய்க்கப் புல்வெளி, நடுவில் பச்சை மணற்பாறை மண்ணில் தானியம், கீழே ஈரக் களியில் மாட்டுக்குப் புல்லும் வைக்கோலும் என, மூன்று வகை நிலமும் ஒவ்வொரு ஊருக்கும் கிடைக்கும்படி நிலத்தை நீளவாக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். தலைமாட்டில் கண்மாய், கரைக்குக் கீழே நஞ்சை, அதற்கப்பால் மேட்டில் புஞ்சையும் மிளகாயும், ஓரத்தில் பனங்காடு என்று கிடக்கும் எங்கள் ஊர் அமைப்பும் இதே நியாயத்தில் பிறந்ததுதான். கிராமம் என்பது ஒரே மண் அல்ல, பல மண்ணின் கூட்டு என்பதை வகுப்பறையில் விளக்க விரும்பும் புவியியல் ஆசிரியர்களுக்கு இந்த ஒரு பகுதிக்காகவே தாளை வாங்கச் சொல்வேன்.

அடிவாரத்துக்கு வடக்கே கோடுகள் திடீரென்று ஓய்ந்துவிடுகின்றன. இதுதான் பள்ளத்தாக்கின் தரை. கால்ட் களியும் கிம்மரிட்ஜ் களியும் பரவிய தட்டை நிலம். அதன் நடுவே ஆக் என்ற சிற்றாறு கிழக்கு நோக்கி ஓடி அபிங்டனில் தேம்ஸ் ஆற்றில் கலக்கிறது. ஆற்றைவிடக் கவனிக்க வேண்டியவை, அதை நோக்கி வயல் ஓரங்களில் நேர்கோடாகவும் செங்கோண வளைவாகவும் போகும் மெல்லிய நீலக் கோடுகள். இயற்கை ஓடை அப்படி வளையாது. இவை வெட்டிய வடிகால்கள். பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் இதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மாப்ள, இம்புட்டு வாய்க்கா ஓடுது, ஒரு கண்மாயக்கூடக் காணோமே?" அந்தத் தாளுக்கு அதைவிடச் சிறந்த மதிப்புரையை நான் எழுதிவிட முடியாது. அத்தனை கோடுகளில் ஒன்றுகூட வரத்துக்கால் அல்ல, எல்லாமே போக்குக்கால். குளிர்காலத்தில் களிமண் நீரில் ஊறிக் கிடந்தால் மாட்டின் குளம்பு புதையும், உழவு இறங்காது, விதை அழுகும். எனவே வயல் ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மண்ணுக்கு அடியிலேயே சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்தார்கள். அந்தக் குழாய்கள் தாளில் தெரியா, ஆனால் அவை போய்க் கொட்டும் வாய்க்கால்கள் தெரியும்.

இந்தக் களிநிலம் நீண்ட காலம் உழவுக்குக் கடினமாகவே இருந்ததால் புல்லும் பால்மாடும்தான் அதன் தொழில். 1840-இல் லண்டனிலிருந்து வந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை பள்ளத்தாக்கின் நடுவே நேர்கோடாக ஓடுவதைத் தாளில் பார்க்கலாம். தட்டை நிலம் என்பதால் இஞ்சினியர் புரூனெலுக்கு இந்த வழி வசதியாக அமைந்தது. பிற்பாடு இந்த ஊர்களின் பால் அதே ரயிலில் லண்டனுக்குப் போயிற்று. அஃபிங்டன், சாலோ, வாண்டேஜ் ரோடு ஆகிய நிலையங்கள் 1964-இல் மூடப்பட்டுவிட்டன. இன்றைய வண்டிகள் நிற்காமல் போகின்றன. ரயிலுக்கு முன்பே, 1810-இல் முழுமையடைந்து 1914-இல் கைவிடப்பட்ட வில்ட்ஸ் அண்டு பெர்க்ஸ் கால்வாயின் தடமும் துண்டு துண்டாகக் காணக் கிடைக்கிறது. டிராக்டரும் நல்ல வடிகாலும் வந்தபின் புல்வெளிகளில் பெரும்பகுதி குளிர்காலக் கோதுமைக்கும், மஞ்சள் பூப்பூக்கும் எண்ணெய்வித்துப் பயிருக்கும் மாறியிருக்கிறது. குன்றின் மேலிருந்த ஆட்டுப் புல்வெளியும் 20ஆம் நூற்றாண்டில் உழவுக்கு வந்து பார்லி விளைகிறது. பந்தயக் குதிரைகளைப் பழக்கும் நீண்ட புல்தடங்கள் மட்டும் லெட்கம், லாம்போர்ன் பக்கத்தில் 'கேலப்ஸ்' என்ற பெயருடன் விடப்பட்டுள்ளன.

இங்கேதான் தாளின் முதல் குறை வருகிறது. நான் மேலே சொன்ன பயிர் விவரம் எதுவும் அதில் இல்லை. காடு பச்சை நிறம், மற்றவை எல்லாம் வெள்ளை. கோதுமையும் வெள்ளை, புல்லும் வெள்ளை, தரிசும் வெள்ளை. வயல் எல்லைகளை ஒவ்வொன்றாக வரைந்து காட்டும் அளவுக்கு நுணுக்கமான இந்த அளவையில், அந்த எல்லை உயிர்வேலியா, கம்பி வேலியா, சுவரா என்று பிரித்துக் காட்டாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மெல்லிய கறுப்புக் கோடு போட்டிருப்பது எனக்கு ஏமாற்றம். வேளாண்மையைப் படிப்பவருக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம். பொதுவயலாகவும் பொது மேய்ச்சலாகவும் இருந்த நிலங்கள் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களால் தனித்தனிப் பட்டாக்களாக அடைக்கப்பட்டபோது நடப்பட்ட ஹாதார்ன் முள்வேலிகள்தான் ஆங்கில நாட்டுப்புறத்துக்கு இன்றைய முகத்தைத் தந்தன. சிறுவிவசாயிகளும் கூலிகளும் பொதுநில உரிமையை இழந்ததும் அப்போதுதான். ஆனாலும் கோடுகளின் வடிவம் கொஞ்சம் பேசுகிறது: வளைந்து நெளிந்த சிறு வயல்கள் பழையவை, அடிக்கோல் வைத்து வரைந்தது போன்ற நேர் எல்லைகள் பெரும்பாலும் அந்தச் சட்டங்களுக்குப் பிந்தியவை.

இன்னொரு பக்கம், ஒரு விஷயத்தில் இந்தத் தாள் நம்மைப் பொறாமைப்பட வைக்கிறது. தனியார் வயல்களின் குறுக்கே பச்சைக் கோட்டுத் துண்டுகளாகப் போகும் பொதுநடைபாதைகள் அனைத்தும் இதில் இருக்கின்றன. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் பதிவு செய்து வைத்த பாதைகள் இவை. நில உரிமையாளர் மாறினாலும் பாதை மாறாது. வயலுக்குப் போகும் வண்டிப்பாதை யாருடைய சர்வே எண்ணில் வருகிறது என்று ஊருக்கு ஊர் வழக்கு நடக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

பள்ளத்தாக்கின் வடக்கு எல்லையாக ஃபேரிங்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு நோக்கிப் போகும் தாழ்ந்த முகட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில், பவளப் பாறைகளும் மணலும் சேர்ந்து உண்டான சுண்ணாம்பு முகடு. மண் இலகு, நீர் தங்காது. ஈரக் களியைத் தவிர்த்துப் பெரிய சாலையும் அந்த மேட்டின் மேலேதான் போகிறது. பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கடலைவிட்டு மேலெழுந்த பவளப் பாறையின் மேல் நடந்து பழகியவர்களுக்கு, கடலிலிருந்து இவ்வளவு தள்ளி உள்நாட்டில் அதே பொருள் ஒரு முகடாக நிற்பது வியப்பாகத்தான் இருக்கும்.

மண்ணும் பாறையும் தாளில் அச்சிடப்படவில்லை என்பதால், இதைத் தனியாக வாங்கிப் படிப்பது பாதி வேலைதான். பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வே தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் பாறைப் படத்தைக் கணினியில் திறந்துவைத்துக்கொண்டு, தாளை அருகில் விரித்துப் பார்த்தால், ஊற்று வரிசையும் களிமண் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவது தெரியும். அதற்கு அடுத்து நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாந்தின் இணையதளம். 19ஆம் நூற்றாண்டின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே தாள்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்திப் பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். மைலுக்கு 25 அங்குல அளவையில் உள்ள பழைய தாள்களில் ஒவ்வொரு வயலுக்கும் எண்ணும் ஏக்கர் அளவும் இருக்கின்றன. சர்வே எண் வாரியாக நில அளவுகளைக் காட்டும் நம் புலப்பட நூலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை உடனே பிடிபடும். பழைய தாளில் ஏழெட்டு வயல்களாக இருந்தது செயற்கைக்கோள் படத்தில் ஒரே பெருவயலாகக் கிடப்பதையும், இடையிலிருந்த வேலி மறைந்திருப்பதையும் குன்றின் அடிவாரத்தில் பல இடங்களில் காணலாம். செலவில்லாத இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

நம்மூர்த் தாள்களோடு ஒப்பிடுவது நியாயமா என்ற தயக்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியை எடுத்தால், இருபது மீட்டருக்கு ஒரு சம உயரக்கோடு என்ற அளவில் எங்கள் தட்டை நிலத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறது. ஆனால் எங்கள் விவசாயத்தின் உயிரே அரை மீட்டர், ஒரு மீட்டர் சரிவில்தான் இருக்கிறது; அந்தச் சரிவைக் கண்ணால் அளந்துதான் கரை போட்டு, மடை வைத்து, மிஞ்சிய நீர் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்லப்படும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் அந்தத் தாளில் பெரிய நீலப் பரப்பாக விரிகிறது, சரி. எந்தக் கால் எந்தக் கண்மாய்க்கு நீர் கொண்டுவருகிறது என்பதை அதிலிருந்து படித்தெடுப்பது கடினம். கிராம வரைபடத்தில் அது கிடைக்கும், ஆனால் அதில் உயரம் இருக்காது. ஐந்து மீட்டர் இடைவெளிகூட எங்களுக்குப் போதாது என்றாலும், வாய்க்கால், வயல் எல்லை, பாதை, ஊர் எல்லை எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கடையில் விற்கும் எக்ஸ்ப்ளோரர் போன்ற ஒன்று இங்கே இருந்தால், சீமைக் கருவேலம் அடைத்துவிட்ட வரத்துக்கால் எங்கே ஓடியது என்று ஊர்க்கூட்டத்தில் வாய்ச்சண்டை போட வேண்டியிருக்காது.

மாமா கேட்ட கண்மாய்க்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அபிங்டனுக்குத் தென்மேற்கே, ஸ்டீவன்டன், ஈஸ்ட் ஹன்னி ஊர்களின் பக்கத்தில், 15 கோடி கன மீட்டர் கொள்ளளவில் நாற்புறமும் கரையெழுப்பிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்ட தேம்ஸ் வாட்டர் நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. நம் கணக்கில் அது ஐந்து டி.எம்.சி.யைத் தாண்டும், வைகை அணை முதலில் கட்டப்பட்டபோது இருந்த ஆறு டி.எம்.சி. சொச்சத்தைவிடச் சற்றுக் குறைவு. பாசனத்துக்காக அல்ல, தென்கிழக்கு இங்கிலாந்தின் நகரங்களுக்குக் குடிநீருக்காக. விளைநிலம் போய்விடும் என்று உள்ளூர் மக்கள் நெடுங்காலமாக எதிர்த்து வருகிறார்கள். நீர் புகாத களி அடியில் இருப்பதால்தான் அந்த இடம் தேர்வானது, அதே களியிலிருந்து நீரை வடிக்கத்தான் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டினார்கள். இந்தத் தாளில் இப்போது அங்கே வெள்ளை வயல்களும் நீலக் கோடுகளும்தான் இருக்கின்றன. திட்டம் நிறைவேறினால் பின்னால் வரும் பதிப்பில் தாளின் மிகப்பெரிய நீலப் பரப்பு அதுவாகவே இருக்கும். அந்த வகையில் இன்றைய பதிப்பைப் பத்திரப்படுத்தி வைப்பதில் பயன் உண்டு.

தாளின் தரத்தைப் பற்றி. அச்சு மிகத் தெளிவு. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களும் பூதக்கண்ணாடி இல்லாமல் ஊர்ப்பெயர்களைப் படிக்கலாம், வயல் எல்லைகளுக்கு மட்டும் நல்ல வெளிச்சம் வேண்டும். விரித்தால் மேசை கொள்ளாது. தரையில்தான் விரிக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டு நாலு மூலையிலும் ஏதாவது பாரம் வைக்க வேண்டும். சாதாரணக் காகிதப் பதிப்பு, நீர் புகாத பூச்சுடைய 'ஆக்டிவ்' பதிப்பு என இரண்டு வகை உண்டு. உப்புக்காற்று வீசும் கடற்கரை வீடுகளுக்கு இரண்டாவதுதான் ஏற்றது, விலை கூடினாலும். குறியீடுகளின் விளக்கம் தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கிறது. அதை ஒரு முறை பொறுமையாகப் படித்துவிட்டால், கோபுரமுள்ள தேவாலயத்துக்கும் கூம்புள்ள தேவாலயத்துக்கும் வேறு வேறு குறி என்பது வரை எல்லாம் பழகிவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தாளின் விலையைவிட அதை இந்தியாவுக்கு அனுப்பும் செலவு அதிகமாகிவிடும் என்பதால், அங்கிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குவதே சரி. மடித்தால் சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அட்டையின் உட்பக்கத்தில் சுரண்டிப் பார்க்கும் குறியீடு ஒன்று இருக்கும், அதைக் கொண்டு அதே வரைபடத்தைக் கைபேசியிலும் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே பழைய தாளை யாரிடமாவது வாங்கினால் அது சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே பார்வையில் மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அதே நிறுவனத்தின் 1:50,000 'லேண்ட்ரேஞ்சர்' தொடர் போதும், ஆனால் அதில் வயல் எல்லைகள் இல்லை. வயலைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்ப்ளோரர்தான். பணம் செலவழிக்கும் முன் ஸ்காட்லாந்து நூலகத்தின் இணையதளத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்துப் பாருங்கள். அது பிடித்துப் போனால் தாளும் பிடிக்கும்.